நாகைக் கடற்கரையில் நாம் நினைக்க வேண்டியவர்கள்

தலயாத்திரையாகத் தமிழகம் செல்லும் எமது அன்பர்கள் பலர் நாகப்பட்டினத்தைத் தரிசியாமல் திரும்புவதில்லை. மூவராலும் பாடப்பெற்ற திருநாகைக் காரோணம் அங்கே உள்ளது. வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்ட அதிபத்த நாயனார் அவதரித்த ஊரும் அதுவே. ஆனால் அக்கடற்கரைக்குத் துயரமான சரித்திரம் ஒன்றும் உண்டு. அதனை நாம் எம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதனை அடுத்து பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாயக்கர் நாட்டைச் சூறையாடின. வயல்கள் பாழாயின. பஞ்சம் வந்தது. பசிக்கொடுமையால் மக்கள் தம்மையும் தாம் பெற்ற பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு ஆளாயினர். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் ஒல்லாந்தக் கொம்பனியார் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கினர் என்பது வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் தரும் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றப்பட்டனர். கொழும்பிலே நாம் கொம்பனித்தெரு என்று வழங்கும் இடத்திற்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று பெயர் ஏற்பட்டதும், கொம்பனியின் அடிமைகள் அங்கே வைக்கப்பட்டிருந்த காரணத்தினாலேயே.

கப்பல் ஒல்லாந்தருடையது. ஆனால் ஆட்களைச் சேர்த்து, விலை பேசிக் கொடுத்த தரகருள் உள்ளூரவரும் இருந்தனர். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட எமது தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் உள்ளன. எம்மவர் வீடுகளிலும் வயல்களிலும் அடிமைகள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான். ஆகவே பழி முழுவதையும் பிறர்மேல் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

நாம் வாழும் கனடாவில் ஆகஸ்ட் 1ஆம் நாள் விடுதலை நாளாக நினைக்கப்படுகிறது. பிரித்தானியப் பேரரசின் பெரும் பகுதியில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834இல் அந்நாளிலேயே நடைமுறைக்கு வந்தது. 2021இல் கனடாப் பாராளுமன்றம் அந்நாளை ஏற்றுக்கொண்டது. ஆபிரிக்க மக்களின் துயரை ரொறன்ரோ நகரம் நினைவுகூரும்போது, அது நமக்குத் தொடர்பில்லாத கதை என்று எண்ணலாகாது.

ஆடி அமாவாசையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே வருகிறது. தாயும் தந்தையும் சுற்றமும் அற்றோர்க்கும் நீர் வார்க்கும் முறை எமது தர்ப்பண விதியில் உண்டு. நாகைக் கரையிலிருந்து கப்பலேறியவர்களின் பெயரும் கோத்திரமும் நமக்குத் தெரியா. அவர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்கப் பிள்ளைகள் இருந்தனரோ, இல்லையோ! அடுத்த ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்யும் அன்பர்கள், அவர்களையும் நினைந்து ஒரு கை நீர் வார்ப்பார்களாக.