பேராதனையிலிருந்து ஆளப்பட்ட மலாயா

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, தோழி ஒருத்தி தன் பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பத்து டொலர் நோட்டை வரலாற்றுப் பாடத்துக்குக் கொண்டு வந்தாள். அதில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தது. "இது எவ்வளவு பெறும், டீச்சர்?" என்று கேட்டோம். "ஒன்றும் பெறாது. ஏன் பெறாது என்பதுதான் பாடம்" என்றார் ஆசிரியை. அந்தப் பாடத்தை இந்த நூற்றாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திகனயிலிருந்து பஸ் ஏறிப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சுற்றுலா போகாத மாணவி நம்மில் யார்? அங்கேதான் 1944 ஏப்ரலில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் வந்து அமர்ந்தது. தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு கண்டி நகரில் தங்கியிருந்தார். பர்மா, மலாயா யுத்தங்கள் மட்டுமல்ல, யுத்தம் முடிந்த பின் அந்நாடுகளை யார், எப்படி ஆள்வது என்பதும் அங்கு திட்டமிடப்பட்டது.

1945 ஓகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்தது. ஆனால் டோக்கியோவில் முறையான சரணாகதி கையெழுத்தாகும் வரை எங்கும் படை இறக்கக் கூடாது என்று ஜெனரல் மக்கார்தர் உத்தரவிட்டிருந்தார். அந்தக் கையெழுத்து செப்டெம்பர் 2இல் நடந்தது. பிரித்தானியப் படை சிங்கப்பூரில் இறங்கியது செப்டெம்பர் 5இல். இடைப்பட்ட மூன்று வாரங்களில் மலாயாவின் பல ஊர்களில் பழிவாங்கல்களும் இனக் கலவரங்களும் நடந்தன. ஆட்சி இல்லாத மூன்று வாரம் என்ன செய்யும் என்பதை அந்த மக்கள் கண்டார்கள்.

பிறகு மவுண்ட்பேட்டனின் பிரகடனத்தின்படி பிரித்தானிய இராணுவ நிர்வாகம் தொடங்கியது. சிவில் விவகாரங்களுக்குப் பொறுப்பாக ரால்ப் ஹோன் இருந்தார். ஆங்காங்கே நொறுங்கிக் கிடந்த நாட்டை அது பொறுப்பேற்றது. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன. மூன்றரை ஆண்டுகளை இழந்த பிள்ளைகள், வயது மீறியவர்களாகப் பழைய வகுப்பிலேயே போய் உட்கார்ந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உயிர் தப்பியவர்களைத் தாய்லாந்து முகாம்களிலிருந்து அழைத்து வரும் வேலையும் காத்திருந்தது.

ஆனால் அந்த நிர்வாகம் எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று, ஜப்பானிய நோட்டுகள் இனிச் செல்லாது என்பது. பொருளாதாரக் கணக்கில் அதற்கு நியாயம் இருந்தது. அளவில்லாமல் அச்சடித்த காசு அது. ஆனால் கூலியாக அதை வாங்கிச் சேர்த்த குடும்பங்கள் ஒரே நாளில் வெறுங்கையாயின. அதோடு அரிசிப் பஞ்சமும் சேர்ந்தது. யுத்தத்துக்கு முன் மலாயாவுக்கு அரிசி கொடுத்த பர்மாவும் சயாமும் அப்போது கொடுக்கும் நிலையில் இல்லை. பங்கீட்டு அரிசி போதவில்லை. நம் நாட்டில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற பாட்டிமாருக்கு இது புரியும். பி.எம்.ஏ. என்ற அந்நிர்வாகத்தின் எழுத்துகளுக்கு மக்கள் 'பிளாக் மார்க்கெட் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று விரிவு சொன்னார்கள். ஒக்டோபரில் சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பர்மாவின் வழியும் கண்டி ஊடாகத்தான் சென்றது. 1945 செப்டெம்பர் 6, 7 ஆகிய நாட்களில் ஆங் சான் இங்கு வந்து, தன் படையினர் புதிய பர்மா இராணுவத்தில் சேர்வது பற்றி மவுண்ட்பேட்டனோடு பேசி உடன்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் கொல்லப்பட்டார்.

இராணுவ ஆட்சிக் காலத்திலேயே இன்னொரு காகிதமும் தயாரானது. ஹரோல்ட் மக்மைக்கேல் சுல்தான்களிடம் ஒவ்வொருவராகச் சென்று கையெழுத்து வாங்கினார். 1946 ஏப்ரல் 1இல் இராணுவ நிர்வாகம் முடிந்து மலாயா யூனியன் பிறந்தது. சிங்கப்பூர் தனிக் காலனியானது. மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களுக்கும், நீண்டகாலம் வாழ்ந்தவர்களுக்கும் குடியுரிமை என்று யூனியன் திட்டம் சொன்னது. மலாய் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் நாடு தங்களைக் கேளாமல் கைமாறுகிறது என்ற அச்சம் அவர்களுக்கு. 1948 பெப்ரவரியில் யூனியன் போய்க் கூட்டமைப்பு வந்தது. குடியுரிமை விதிகள் இறுகின. தோட்டத் தமிழர் பலருக்கு அந்தக் கதவு ஒடுங்கியது.

அதே 1948இல் நம் நாட்டிலும் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இங்கு பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அது இருந்தது? ராஜவெல்லைப் பக்கத்து மலைகளிலிருந்து நம்மோடு படிக்க வந்த பிள்ளைகளின் தாத்தா, பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ரப்பரும் தேயிலையும் வளர்த்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: காகிதம் எங்கே?

யுத்தம் முடிவதும் ஆட்சி நியாயமாவதும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதே அன்று நான் கற்றது. துப்பாக்கி ஓய்ந்த மறுநாள், எந்த நோட்டு செல்லும், யாருக்கு எவ்வளவு அரிசி, யார் இந்த நாட்டுக்காரர் என்பதை யாரோ ஒருவர் மேசையில் எழுதுகிறார். அந்த மேசையில் நம்மவர் இருந்தார்களா என்று கேட்கப் பழகுவதுதான் வரலாறு படிப்பது.

தொரொன்றோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கும் தோழியரே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், கப்பல் டிக்கெட், கூப்பன் புத்தகம், செல்லாத நோட்டு, எதையும் வீசிவிடாதீர்கள். பிள்ளைகளை அருகில் அழைத்து, அது யாருடையது என்று சொல்லிவையுங்கள்.