1939-இல் நம் ஊருக்கு வந்த இரண்டு சட்டங்கள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் தம்பி பைக்கில் ஆலங்காயம் திரும்பும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். "கொஞ்சம்தான் சார் குடிச்சிருந்தான். அதுக்குப் பத்தாயிரமா? எங்க தாத்தா காலத்துல இந்தச் சட்டமெல்லாம் இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்ததப்பா. வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாடம் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1939-இல் நம் பக்கத்துக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மோட்டார் வாகனச் சட்டம். வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மதுவிலோ போதைப்பொருளிலோ இருப்பவர் ஓட்டினால் குற்றம் என்றது அதன் 117-ஆம் பிரிவு. இன்னொன்று மதுவிலக்கு. ராஜாஜி அரசு 1937-இல் சேலத்தில் தொடங்கியது, 1939 அக்டோபரில் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. (திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலத்தோடுதான் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் நமக்கும் இரண்டு வருடம் முன்பே கடையை மூடியிருப்பார்கள்!)

மதுவிலக்கின் கதை உங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் கைவிட்டார்கள். 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்ற சட்டத்தை யாரும் ஒருநாள்கூட எடுத்துவிடவில்லை. அது பெரும்பாலும் இறுகிக்கொண்டுதான் வந்தது.

பழைய சட்டத்தில் ஒரு சிக்கல். 'கட்டுப்படுத்த முடியாத அளவு' என்பதை யார் முடிவு செய்வது? வாயில் வாசனை, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், இவைதான் சாட்சி. 'நான் நிதானமாகத்தான் இருந்தேன்' என்று வாதாடலாம். இங்கிலாந்திலும் இதே தொல்லைதான். அங்கே 1967-இல் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்று எல்லை வைத்தார்கள். அதைக் கொண்டுவந்த அமைச்சர் பார்பரா காசிலுக்கு டிரைவிங் லைசென்ஸே கிடையாது, அதற்காகவே அவரைக் கேலி செய்தார்கள்.

இங்கே 1988-இல் வந்த புதிய சட்டத்தின் 185-ஆம் பிரிவு, எவ்வளவு குறைவாக இருந்தாலும் குற்றம் என்றது. 1994-இல் அதைத் திருத்தி 30 மில்லிகிராம் என்றார்கள். ஒரு பெரிய பாட்டில் பீர் குடித்தாலே பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். 'கொஞ்சம்தான்' என்ற பேச்சுக்கு அந்தக் கருவியிடம் மதிப்பில்லை.

முதல் முறைக்கு 2,000 ரூபாய் வரை என்றிருந்த அபராதம் 2019 செப்டம்பரில் 10,000 ஆனது. மறுபடி பிடிபட்டால் 15,000 என்றானது. ஆறு மாதம், இரண்டு வருடம் என்ற சிறைத் தண்டனைகள் முன்பே சட்டத்தில் இருந்தவை. பத்தாயிரத்தைப் பேசுகிறவர்கள் அதைப் பேசுவதில்லை.

போதைப்பொருளுக்கு மட்டும் 30 மாதிரி ஓர் எண் கிடையாது. கஞ்சா அடித்திருப்பதை ஊதும் கருவி காட்டாது. டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தம் பரிசோதிக்க வேண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஜவ்வாது மலைச் சாலையில் ராத்திரியில் வண்டி ஓட்டியவர்களுக்கு இரண்டு மணி நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

தனித்தனியாகப் போன அந்த இரண்டு சட்டங்களின் கவலையும் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்றுசேர்ந்தது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த நம் தமிழ்நாட்டு வழக்கில்தான், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சாலையில் போகிறவர் கண்ணில் படவும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடினார்கள். அவற்றை ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது பெண்கள் திரண்டு மறியல் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு நகராட்சிப் பகுதிகளுக்குத் தீர்ப்பு பொருந்தாது என்று 2017-இல் தளர்த்தினார்கள்.

"இப்ப என்ன சார் செய்யறது?" என்றார் மாணவர். அண்ணனும் தம்பியுமாகக் கோர்ட்டுக்குப் போங்கள், பஸ்ஸில் போங்கள் என்றேன்.