உப்பும் அரசிறையும்
புதுச்சேரியின் உப்பளப் பகுதி பழைய தொழிலொன்றைப் பெயரளவில் நினைவூட்டுகிறது. 1815 மார்ச்சு 7ஆம் நாள் இலண்டன் உடன்படிக்கைப்படி, இங்கு விளைந்த உப்பில் உள்நாட்டுத் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமையைப் பிரெஞ்சியர் ஆங்கிலேயர்க்கு விட்டனர். ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் பெற்றனர். 1818இல் உப்பு விளைத்தலே நிறுத்தப்பட்டது. அளமுடையார்க்கு ஈட்டுத்தொகை வகுக்கப்பட்டது. ஆங்கிலேயர் இத்துணைப் பொருள் ஈந்தது ஏன்? எல்லையோரக் கள்ள வாணிகம் தம் உப்பு வருவாயைக் கெடுக்காதிருத்தற்கே.

பிரெஞ்சு அரசு நிலவரி தண்டியது உண்மையே. ஆயினும் இவ்வருவாய்க்குத் தண்டலாளரும் வேண்டா, குடிகளின் இசைவும் வேண்டா. இதனைச் செட்டான ஆட்சி எனல் கூடும். யாம் அவ்வாறு கருதுகிலேம். குடிகளிடம் கேளாது பெற்ற பொருளுக்கு அவர்களிடம் கணக்குக் காட்டும் கடப்பாடும் எழவில்லை. வரவு செலவுத் திட்டத்தை வாக்களித்து முடிவு செய்யும் பொது அவை பிரெஞ்சிந்தியாவுக்கு 1879இல்தான் வாய்த்தது.