மாயாவியின் இரும்புக்கை

மூத்த நேயர்கள் இரும்புக்கை மாயாவியை மறந்திருக்க மாட்டார்கள். 1962-இல் பிரிட்டனில் பிறந்தவர். 1972 ஜனவரியில் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அவரைத் தமிழ் பேச வைத்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். (பிள்ளைகளுக்கு அதுதானே வேடிக்கை!)

இணையத்திலும் அந்தக் கை மறைவதில்லை. 1999 மார்ச்சில் அமெரிக்காவின் டேவிட் ஸ்மித், பிறர் கணக்கில் புகுந்து மெலிசா வைரஸைப் பரப்பினார். ஆள் மறைந்தார், தொலைபேசி இணைப்பு காட்டிக் கொடுத்தது. ஒரே வாரத்தில் கைது.

இன்றைய மோசடிக்காரர்கள் கையையே இரவல் வாங்குகிறார்கள். சுங்கை பூலோ இளைஞர் ஒருவர் சில நூறு ரிங்கிட்டுக்கு வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்தால், போலீஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். 2024-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டப்படி, தக்க காரணமின்றி அப்படிக் கொடுப்பதே குற்றம்.