துலக்குதல், துடைத்தல், ஒற்றுதல்

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு பொருளைத் தூய்மை செய்வதற்கு ஒரே சொல் போதுமாக இருந்ததில்லை. குத்துவிளக்கைத் துலக்கினார்கள். ஏட்டைத் துடைத்தார்கள். மை காயாத கடிதத்தை ஒற்றினார்கள். துலக்கும்போது பொருளின் மேற்படை சிறிதளவு தேய்ந்து போகிறது. துடைக்கும்போது மேலே படிந்தது மட்டும் அகலுகிறது. ஒற்றும்போது ஈரம் மட்டும் எடுபடுகிறது. பொருளின் மேல் உராய்வே நிகழ்வதில்லை. எந்தப் பொருளுக்கு எந்த வினை பொருந்தும் என்பதை நம் முன்னோர் நூல் படித்து அறியவில்லை, கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள்.

கண்ணாடிபோல் மினுங்கும் மடிக்கணினிகளின் மேல் விரலடையாளங்கள் பதிவதைப் பற்றியும், அவற்றைப் போக்கும் வழியைப் பற்றியும் அன்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. இதற்கான விடை குடாநாட்டின் பழைய வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே சற்றுப் பின்னோக்கிப் போய் வருவோம்.

முதலில் விளக்கு. பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம். காற்றும் ஈரமும் பட்டு அதன் மேல் கறுத்த படையொன்று உண்டாகும். பழப்புளியில் உள்ள தாத்தாரிக் அமிலம் அந்தப் படையைக் கரைக்கிறது. புளியைப் பூசிச் சற்று நேரம் வைத்து, பின்னர் சாம்பலும் தும்பும் கொண்டு தேய்த்து, கழுவித் துடைத்து வைப்பார்கள். துலக்கி முடித்த விளக்கை வெறுங்கையால் தூக்கக் கூடாது. சீலைத் துண்டால் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வியர்வையில் உள்ள உப்பு, புதிதாகத் துலங்கிய உலோகத்தைத் தாக்குவதால் விரல் பட்ட இடம் விரைவிலேயே மங்கிக் கறுத்துத் தெரியும். ஒவ்வொரு துலக்கலிலும் விளக்கு இம்மியளவு தேய்கிறது. தலைமுறை தலைமுறையாகத் துலக்கப்பட்ட விளக்குகளின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் கண்ணும் மூக்கும் மழுங்கிப் போயிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். வார்ப்புப் பித்தளை கனமானது. அந்தத் தேய்வை அது தாங்கும். மேலே முலாம் மட்டும் பூசிய பொருளை இதே முறையில் துலக்கினால் சில தடவைகளிலேயே முலாம் போய் உள்ளுலோகம் வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது ஏடு. பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி எழுதுவது நம் நாட்டு முறை. கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது. விளக்குக் கரியை இலைச்சாறுடனோ எண்ணெயுடனோ குழைத்து ஏடு முழுவதும் பூசுவார்கள். இதற்கு மையாடல் என்று பெயர். பின்னர் மெல்லத் துடைத்தால் மேற்பரப்பிலுள்ள கரி போய்விடும். கீறலுக்குள் புகுந்த கரி நின்று எழுத்தைக் காட்டும். தென்னிலங்கையில் தாளிப்பனை ஓலையில் எழுதிய சிங்கள மக்களும் கரியையும் எண்ணெயையும் பூசி, மாவு அல்லது தவிடு தூவித் துடைத்தார்கள். மிகுதி எண்ணெயைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். ஆக, ஏட்டைப் பொறுத்தவரை துடைப்பதும் எழுத்துக் கலையின் ஓர் அங்கமே. அழுத்தித் தேய்த்தால் ஓலையின் மெல்லிய மேற்தோல் உரியும். துடைக்காமல் விட்டால் எழுத்தைப் படிக்க முடியாது. அந்த நடுவழியைக் கையே கண்டுகொண்டது.

செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் வைத்தியர் வீடுகளில் ஏடுகளாகவே கைமாறி வந்தன. தைலம் காய்ச்சிய கையோடு ஏட்டைப் புரட்டிய வைத்தியர் பலர் இருந்திருப்பார்கள். ஓலைக்கு அந்த எண்ணெயால் பெருங்கேடு விளைந்துவிடாது. உலர்ந்து நொறுங்கும் இயல்புள்ள ஓலைக்கு அளவான எண்ணெய் நெகிழ்ச்சியைத் தருகிறது. சுவடி நிலையங்களில் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி ஏடுகளைப் பேணுவதும் இதனாலேயே. ஏட்டின் பெரும் பகை, எவரும் அவிழ்த்துப் பாராத கட்டுத்தான். கறையானும் பூச்சியும் அங்கேதான் குடிபுகும். நவராத்திரியில் சரசுவதி பூசைக்காக ஏடுகளை இறக்கித் தூசி தட்டி, கயிறு மாற்றி வைக்கும் வழக்கம் பத்தியோடு பராமரிப்பையும் இணைத்து வைத்தது.

அந்தப் பராமரிப்புத் தவறிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) சான்று. வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான அவர், வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலிய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். தாம் தேடிப் பெற்ற ஏடுகள் தொட்ட மாத்திரத்தில் சிதையும் நிலையில் இருந்ததைத் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தமிழின் தொன்மையான நூல்கள் சில, இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் நமக்குக் கிட்டாமலே போயிருக்கும்.

மூன்றாவது, பத்திரிகைத் தொழில் தந்த பாடம். அமெரிக்க மிசனரிமார் 1841இல் உதயதாரகையை வெளியிட்ட நாள்முதல் யாழ்ப்பாணத்தில் அச்சு மையின் மணம் ஓயவில்லை. 1959இல் ஈழநாடு தொடங்கி, பின்னர் நாளிதழாகவும் வளர்ந்தது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அந்தக் காலத்தில் அச்சுக்கோப்பாளரின் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கொண்டு கழுவினாலும் நகக்கண்ணில் மை தங்கும். அதே கட்டடத்தில்தான் புகைப்படங்களும் கைமாறின. புளொக் செய்வதற்குப் பளபளப்பான தாளில் எடுத்த படமே உகந்தது. ஈரப் படத்தை மெருகிட்ட உலோகத் தகட்டின் மேல் முகங்கவிழ அழுத்திக் காயவைத்தால் அந்தப் பளபளப்பு வரும். அதன் மேற்படை செலற்றின். ஈரத்தை உறிஞ்சி வீங்கும் தன்மையது. வியர்த்த விரலொன்று பட்டால் ரேகை அதில் பதிந்து நிலைத்துவிடும், புளொக்கிலும் தெரியும், மறுநாள் பத்திரிகையில் தலைவரின் கன்னத்திலும் தெரியும்! எனவே படத்தை விளிம்பில் பிடிக்க வேண்டும், ஈரம் பட்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது என்பவை எங்களுக்கு எழுதப்படாத சட்டங்களாக இருந்தன. கிராமபோன் இசைத்தட்டு வைத்திருந்தவர்களும் இதே சட்டத்தைக் கைக்கொண்டார்கள்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். 1992இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட திங்க்பாட் கணினிக்கு ரிச்சட் சப்பர் என்ற வடிவமைப்பாளர் மினுக்கமற்ற கறுப்பு நிறத்தைத் தெரிந்தெடுத்தார். சொரசொரப்பான பரப்பு ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும். அதனால் விரல் பட்டது எளிதில் தெரியாது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் சந்தையின் சுவை மாறியது. பியானோப் பெட்டியைப் போலக் கறுத்து மினுங்கும் மேல்மூடிகளும், கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் திரைகளும் கடைகளை நிறைத்தன. வழுவழுப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புகிறது. அதன் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தாலும் அந்த ஒழுங்கு குலைந்து கறையாகத் தோன்றுகிறது. அழகுக்காகத் தேர்ந்த மினுக்கமே அழுக்கை விளம்பரப்படுத்தும் பலகையாயிற்று.

குடாநாட்டில் இந்தக் கணினிகள் பரவிய காலமும் ஏறத்தாழ அதுவே. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது, புலம்பெயர்ந்த உறவினர்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்களின் பயணப்பெட்டிகளில் சொக்கலேற்றோடு மடிக்கணினிகளும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டபோது, உள்ளே இருந்த கருவிகளை உள்ளதைக் கொண்டே பேண வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. அங்கே சுரப்பது வியர்வை. அதாவது நீரும் உப்பும் இன்னும் சிலவும். கறையின் எண்ணெய், நாம் முகத்தையும் தலைமயிரையும் தொட்டுவிட்டு வருவதால் விரலில் ஏறுவது. தேங்காயெண்ணெய் தடவிய தலை, நல்லெண்ணெய் முழுக்கு, கையால் உண்ணும் உணவு ஆகிய மூன்றும் உள்ள நம் சமூகத்தில் மினுங்கும் கணினிக்கு என்ன கதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டுக்கு நன்மை செய்த எண்ணெய் இங்கே கறையாகிறது. ஆகவே முதல் மருந்து துணியில் இல்லை, கிணற்றடியில் இருக்கிறது. கையைச் சவர்க்காரத்தால் கழுவி உலர்த்திய பின் கணினியைத் தொடுபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டாவது, தூசி. வலிகாமத்தின் செம்மண்ணும், மணற்காட்டுப் பக்கத்து மணலும், கடற்காற்றில் வரும் உப்பும் கணினியின் மேல் படிகின்றன. மணற்றுகள் நெகிழியைவிடக் கடினமானது. தூசி இருக்கும்போதே தேய்த்தால் துணி அரத்தாளாக மாறிவிடும். மெல்லிய தூரிகையால் முதலில் தூசியைத் தட்ட வேண்டும். சரசுவதி பூசையில் ஏட்டுக்குச் செய்த அதே ஒழுங்குமுறைதான்.

மூன்றாவது, நீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையில் தங்கி வருவது, கடினத்தன்மை மிக்கது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுவதை எல்லோரும் அறிவர். அந்த நீரால் திரையைத் துடைத்தால் விரலடையாளம் போன இடத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் வந்து உட்காரும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, சூடு ஆறவிட்டு, நீரைத் துணியில் மட்டும் சில துளிகள் விட வேண்டும். கணினியின் மேல் நேரே தெளித்தால் இடுக்குகளின் வழியே உள்ளே இறங்கிவிடும்.

நான்காவது, துணி. யப்பானின் தோரே நிறுவனத்தில் மியோசி ஒக்கமோட்டோ என்ற அறிவியலாளர் 1970இல் பட்டிழையைவிட நுண்ணிய செயற்கை இழைகளை உருவாக்கினார். இன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் மெல்லிய துணிக்கு அந்த நுண்ணிழை மரபே மூலம். அதன் இடுக்குகள் எண்ணெயை உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஏட்டின் மேல் தூவிய தவிடு செய்த வேலையை இது செய்கிறது. அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்து, பின் உலர்ந்த பக்கத்தால் ஈரத்தை ஒற்றினால் போதும். அரிக்கன் லாம்பின் சிமினியைப் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்தது நம் வழக்கம். பத்திரிகை எழுதுகிறவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. சிமினி கண்ணாடி; தாங்கும். நெகிழித் திரை தாங்காது.

மருந்துகள் பற்றியும் ஒரு சொல். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம், அசற்றோன், பித்தளை மெருகூட்டும் களிம்பு ஆகியவை கணினிக்கு ஆகா. அண்மைக்காலத் திரைகள் சிலவற்றில் எண்ணெய் ஒட்டாத பூச்சு உண்டு. 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் தொலைபேசியால் அது பலருக்கும் அறிமுகமாயிற்று. அந்தப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்று பரவிய வேளையில், 70 விழுக்காடு ஐசோபுறொப்பைல் அற்ககோல் தோய்ந்த துடைதாளால் தன் கருவிகளின் கடினப் பரப்புகளை மெதுவாகத் துடைக்கலாம் என அப்பிள் நிறுவனம் அறிவித்தது. எல்லாக் கணினிகளுக்கும் அது பொருந்தும் என்று கொள்ளலாகாது. கருவியோடு வந்த கையேட்டைப் பார்ப்பதே முறை.

மடிக்கணினியின் மினுக்கம் முலாம் போன்றது. வார்ப்புப் பித்தளை அன்று. அதைத் துலக்க முற்படுவதே நம்மவர் பலர் செய்யும் பிழை. துலக்கத் துலக்க அது பொலியும் என்று கை நினைக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கீறல்கள்தான் பெருகுகின்றன.

இத்தனையும் வெளிப்புறத்தைப் பற்றிய பேச்சு. உள்ளே இருப்பதைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. 1981இல், மே மாதம் முடிந்து யூன் மாதம் பிறந்த அந்த நாள்களில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஈழநாடு பணிமனையும் அப்போது தீக்கிரையானது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, கையில் அகப்பட்டதை மட்டுமே எடுத்துச் செல்ல முடிந்தது. வீட்டுப் படங்களும் கடிதங்களும் உறுதிகளும் எத்தனை வீடுகளில் விடுபட்டுப் போயின!

எரிந்தவற்றின் பிரதி வேறோரிடத்தில் இருந்தால் மட்டுமே அது மீண்டது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் சேர்த்து வருவது இந்த அனுபவம் தந்த பாடத்தால் எனலாம். ஏட்டின் ஆயுள் சில நூற்றாண்டுகள். அப்படியிருந்தும் நம் முன்னோர் அது சிதையும் முன்னரே பிரதி எழுதி வைத்தார்கள். மடிக்கணினியின் ஆயுள் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குள் முடிந்துவிடும். அப்படியிருந்தும் அம்மாவின் ஒரேயொரு படத்தையும், காணி உறுதியின் வருடிய பிரதியையும் அந்த ஒரு கருவிக்குள் மட்டும் வைத்துவிட்டு, மூடியின் மேலுள்ள ரேகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

துடைப்போம், வேண்டாமென்று சொல்லவில்லை. கையைக் கழுவி, தூசியைத் தட்டி, மெல்லத் துடைத்து, ஈரத்தை ஒற்றுவோம். துணியை மடித்து வைத்ததும், உள்ளே உள்ளவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து, வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில், உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்போம். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய ஒரு நாள் வேண்டுமென்றால், சரசுவதி பூசைநாள் நம் நாட்காட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.