மணிமுத்தாற்று மணலில் ஊர் கூடும் நாள்

மாசி மகத்தன்று விருத்தாசலத்துக்கு வருகிற கூட்டம் முதலில் இறங்குவது மணிமுத்தாற்றுக்குள். கோவிலுக்குப் போவது அப்புறம்தான். வாழையிலையில் பச்சரிசி, எள், வாழைக்காய், அகத்திக்கீரை, எதிரே தர்ப்பணம் செய்துவைக்கும் புரோகிதர். அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் என்று கேட்டுக்கொண்டே போவார். மூன்றாவது பெயரில் பலருக்கும் நாக்கு தடுமாறும். பின்னால் நிற்கும் பெரியம்மா யாராவது எடுத்துக்கொடுப்பார்.

பழமலை, திருமுதுகுன்றம், விருத்தகாசி என்று இவ்வூருக்குப் பல பெயர்கள். 'காசியைவிட வீசம் அதிகம்' என்பது இங்கே வழங்கும் சொலவடை. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. காசிக்குப் போக வழியில்லாத நடுநாட்டுக் குடியானவர்களுக்கு அந்த ஒரு பங்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! சுந்தரர் தமக்குக் கிடைத்த 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு வழக்குக்கு இந்தக் கதையைத்தான் காட்டுவார்கள்.

இன்னொரு கதை இதைவிட அழகு. கோவில் திருப்பணி செய்த விபசித்து முனிவர், வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலைகளைக் கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலைகள் காசாக மாறினவாம். கோவிலின் தலமரம் வன்னிதான். உழைப்புக்கேற்ற கூலி என்ற நியாயத்தைச் சின்னஞ்சிறு இலையில் ஏற்றிவைத்த ஊர், பின்னாளில் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது பொருத்தமே. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரியோடு களிமண்ணும் கிடைக்கிறது. இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. தொழிலைக் கற்றுக்கொடுக்கக் கல்விக்கூடமும் வந்தது. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டை, கொலுப் பொம்மை, கார்த்திகை அகல் எல்லாம் இந்தச் சூளைகளில் வெந்து வருபவை.

பெருநகரங்களுக்கு மணிமுத்தாற்று மணல்போல ஊர் கூடும் இடத்தை அரசாங்கம்தான் உண்டாக்கித் தர வேண்டியிருந்தது. சென்னையில் 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் மக்கள் பூங்காவுக்கு வித்திட்டார். பரப்பு 116 ஏக்கர். குளங்கள், பாதைகள், பேண்டு வாத்திய மேடை, 1860களில் மிருகக்காட்சிச் சாலை என்று நகரமே அங்கே பொழுதைக் கழித்தது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கு நடந்த கண்காட்சியில் பந்தல் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பிறகும் ஜனங்கள் வந்தார்கள். பூங்காவைத் தின்றது நெருப்பல்ல, கட்டடங்கள். விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், பிறகு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. மிருகக்காட்சிச் சாலையும் அதே ஆண்டு வண்டலூருக்குப் போனது. 'பார்க் டவுன்' என்ற பெயர் மட்டும் அங்கே நிற்கிறது.

மணிமுத்தாறு அப்படிப் போய்விடாமல் காத்தது வேலியோ சட்டமோ அல்ல. ஆண்டுதோறும் அங்கே வந்து நிற்கும் மக்களின் கால்கள். ஆனால் கழிவுநீரையும் குப்பையையும் சீமைக்கருவேலத்தையும் பழக்கம் மட்டுமே தடுத்துவிடாது. கல்வராயன் மலையில் பிறந்து வெள்ளாற்றில் கலக்கும் இந்த ஆற்றில், அடுத்த மாசி மகத்துக்குள்ளாவது ஊருக்குள் ஓடும் நீளத்தைச் சுத்தம் செய்ய ஊராரும் அதிகாரிகளும் சேர்ந்து இறங்க வேண்டும். மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிற இடம் அது.