ஒட்டுப் போட்ட கார்கள்: மலையகத்தின் இன்னொரு வரலாறு

போன டிசம்பர் லீவில் மாமாவோடு சேர்ந்து ஒரு பழைய மொரிஸ் மைனரை வெட்டினேன். முழுக் காரையும் இல்லை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற அந்தப் பெட்டிப் பகுதியை மட்டும். வெளியே பார்க்க பெயின்ட் பளபளவென்று இருந்தது. கிரைண்டரை வைத்ததும் உள்ளே மூன்று காலம் இருந்தது.

மேலே பைபரும் பட்டியும். அதைத் தட்டி எடுத்தால் தார் பீப்பாய்த் தகரத்தில் ஒரு ஒட்டு, ஓரத்தில் இன்னும் தார்க் கறை. அதுக்கும் கீழே பித்தளை உருக்கி ஊத்தின ஒரு பழைய ஒட்டு. கடைசியில்தான் இங்கிலாந்தில் அடித்த தகடு, அதுவும் விரல் வைத்தால் உதிர்கிற அளவில். "பார்த்தியா, இது கார் இல்லடா, புஸ்தகம்"னு மாமா சிரித்தார். நான் அதை நம்பித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மலைநாட்டுக்குக் கார் வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் துரைமாரின் கதையைத்தான் சொல்வார்கள். நுவரெலியாவில் 1934-ல் தொடங்கிய மககஸ்தோட்டை மலையேற்ற ஓட்டப் போட்டி, ஏப்ரல் சீசன், கிளப், லேண்ட் ரோவர். படங்களும் நிறைய இருக்கு. அந்தக் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்களுக்குப் படம் இல்லை.

மொரிஸ் மைனர் 1948-ல் லண்டனில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பிறகு மினியைச் செய்த அதே ஆள். பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். நம்ம பக்கம் 1950-களில் இதுவும் ஒஸ்டின் ஏ40-யும் வந்தபோது துரைமாரைத் தாண்டியும் கார் இறங்கியது. டீமேக்கர், பெரிய கங்காணி, ஹட்டன் கடைக்காரர், ஹயரிங் ஓட்டுகிறவர் என்று. லயத்திலிருந்து பிரசவத்துக்கு ஆளைத் தூக்கிப்போனதும் இந்தக் கார்கள்தான்.

லேண்ட் ரோவருக்குக் கீழே தனியாக இரும்புச் சட்டம் இருக்கும், மேலே அலுமினியக் கலவைத் தகடு. மைனர் அப்படி இல்லை. அதில் உடம்பே சட்டம். கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி, முன்பக்கக் கால்கள், பின் ஸ்பிரிங் தொங்குகிற இடம் எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. ஆகவே துரு பிடித்தால் அழகு போவது மட்டுமில்லை, காரே முறியும்.

துருவுக்கு நம்ம ஊர் ஒரு சொர்க்கம். நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று வட்டவளை, வருசத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல். மழை விட்டால் மிஸ்ட். தோட்டத்து ரோட்டுச் சேறு அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் காயவே காயாது. இரும்பு, தண்ணி, காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. துருவான இரும்பு முன்னைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயின்ட் உள்ளேயிருந்து கொப்புளம் மாதிரிக் கிளம்புகிறது. கொப்புளம் வெளியே தெரிகிறபோது உள்ளே பாதி முடிந்திருக்கும்.

சரி, அந்த மூன்று ஒட்டுகளுக்கு வருவோம்.

பித்தளை ஒட்டு கார்பைட் காலத்து வேலை. கார்பைட் கல்லைத் தண்ணியில் போட்டால் அசெட்டிலின் வாயு வரும். அதை ஒட்சிசனோடு கலந்து எரித்தால் இரும்பே உருகும். ஆனால் கார்த் தகடு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதிகம் சூடாக்கினால் அப்பளம் மாதிரி நெளியும். அதனால் இரும்பை உருக்காமல், குறைந்த சூட்டில் உருகுகிற பித்தளையை இடையில் ஓட விடுவார்கள். எங்க தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு கராஜில் கையாளாக நின்று இதைப் பழகியவர். பழக்கியவர் ஒரு பாஸ். படிக்கவில்லை, கொப்பியில்லை, கண் பார்த்துக் கை பழகியது.

அந்த நாட்களில் காரின் மேல் இன்னொரு கேள்வியும் ஒட்டியிருந்தது. 1957-ல் வாகன இலக்கத்தில் ஆங்கில எழுத்துக்குப் பதில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்கு கிழக்கில் தமிழரசுக் கட்சி எதிர்ப்பு நடத்தியது, பலகைகளில் தார் பூசப்பட்டது. மலையகமும் ஒதுங்கி நிற்கவில்லை. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் செத்தார்கள். அடுத்த மாதம் நாடெங்கும் கலவரம். கார் வாங்கக் கனவுகூடக் காணாதவர்கள், கார்ப் பலகையில் இருந்த ஒரு எழுத்துக்காக உயிர் விட்டார்கள்.

இரண்டாவது ஒட்டு, அந்தத் தார் பீப்பாய்த் தகரம், 1970-களுக்கு உரியது. அந்நியச் செலாவணி இல்லை என்று இறக்குமதி இறுக்கப்பட்ட காலம். புதுக் கார் கிடையாது, பார்ட்ஸ் கிடையாது. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்ததும் அதே வருசங்களில்தான். கிடைத்த தகரத்தை மடித்து, தட்டி, ஒட்டி ஓட்டினார்கள். கார் சாகக்கூடாது, ஏனென்றால் இன்னொன்று வராது.

பாஸ் அதற்குப் பிறகு இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. பாஸின் குடும்பம் முதல் கணக்கில் விழுந்தது. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். சுத்தியலைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒப்பந்தத்தில் தலைகளுக்கு எண்ணிக்கை இருந்தது, கைகளில் இருந்த தொழிலுக்கு இல்லை.

மூன்றாவது, பைபரும் பட்டியும். 1977-க்குப் பிறகு சந்தை திறந்தது, ஜப்பான் கார் வந்தது, மைனர் மலிந்தது. யாரும் வெல்டிங்குக்குச் செலவழிக்கவில்லை. ஓட்டையை மூடு, பெயின்ட் அடி, வில். பட்டி பாரம் தாங்காது, துருவை மறைக்க மட்டும் செய்யும்.

ஆனால் வரலாறு கொஞ்சம் குசும்பு பிடித்தது. இங்கிலாந்தில் சார்ள்ஸ் வேர் என்பவர் 1976-ல் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் தொடங்கி, பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டலாம் என்று வாதாடினார். 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கார்களுக்கான உடற்பகுதிகளைச் செய்ய அவர் தேடி வந்த இடம் இலங்கை. ஒருகாலம் அங்கிருந்து கார் வந்தது, பிறகு அதன் துருவுக்கு மருந்து இங்கிருந்து போனது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள், பழைய ஒஸ்டினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. தட்டுப்பாடு எங்கே இருந்ததோ அங்கே இந்தக் கைகளும் இருந்தன.

இப்போது மாமாவிடம் இருப்பது மிக் வெல்டிங் மெசின். "ஒரேயடியா இழுக்காத, புள்ளி புள்ளியா வை. ஒரு புள்ளி இங்க, அடுத்தது தள்ளி. சூடு ஆறணும்" என்றார். நான் அவசரப்பட்டேன். முதல் நாளே ஐந்து ரூபாக் குத்தி அளவுக்கு ஓட்டை. திட்டவில்லை. ஓட்டைக்குப் பின்னால் செம்புத் துண்டு ஒன்றைப் பிடித்து, சுற்றிலும் புள்ளி வைத்து அடைத்துக் காட்டினார். வெட்டுவதற்கு முன்பே கதவு இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டியிருந்தார். இல்லாவிட்டால் உடம்பு தொய்ந்து கதவு பிறகு மூடாது. பெற்றோல் டாங்கும் பேட்டரியும் முதலிலேயே கழன்றிருந்தன. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

மூடுவதற்கு முன் உள்ளே பழைய எஞ்சின் ஒயில் பூசினோம். வெல்டிங் சூட்டில் உள்பக்க பெயின்ட் எரிந்துவிடும், துரு அங்கேதான் மறுபடி தொடங்கும். பூசுவதற்கு முன் மாமா ஆணியால் தகட்டின் உள்பக்கம் தாத்தாவின் பெயர், பாஸின் பெயர், கடைசியில் என் பெயர் கீறினார். "யாரு மாமா பார்க்கப் போறா?"ன்னு கேட்டேன். "அடுத்து வெட்டுறவன்."

லயத்தையும் கொழுந்தையும் சம்பளத்தையும் பற்றி நாம் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் கொழுந்துக் கூடையைத் தாண்டி நம்ம ஆட்கள் கற்ற தொழில்களை யாரும் குறித்து வைக்கவில்லை. உங்க டவுனிலும் ஒரு பழைய கராஜ் இருக்கும், அதில் கண் மங்கின ஒரு பாஸ் இருப்பார். போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் பேசுங்க. பெயரை எழுதி வைங்க.